என் பெயரில் யாரோ வாங்கிய கடன்

அடையாளத் திருட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: “நம்மகிட்ட என்ன இருக்கு, திருடிட்டுப் போக?” படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள். ஓடிபியைச் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே, பேராசைப்படாதே. இவ்வளவு செய்தால் ஒன்றும் ஆகாது. ஒருவன் மாட்டிக்கொண்டான் என்றால் எங்கோ அசட்டையாக இருந்திருக்கிறான். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி, காவல்துறை ஒட்டும் சுவரொட்டி, போன் போட்டால் மணி அடிக்கும் முன் ஒலித்த அறிவுரை, தொலைக்காட்சியில் வந்து உட்காரும் நிபுணர் என்று எல்லோரும் சேர்ந்து இதைப் பொதுப்புத்தி ஆக்கிவிட்டார்கள். பணம் உள்ளவனுக்கு வருகிற தொல்லை இது. இல்லாதவனுக்கு வந்தால் அது அவனுடைய தப்பு.

இந்தப் பொதுப்புத்தியின் இரண்டு பாதியும் தவறு. தவறு என்பதோடு போகவில்லை. இந்தக் கருத்தால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களே இதைச் சலிக்காமல் பரப்புகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் கறப்பது, ஓடிபி வாங்கிக் கணக்கைத் துடைப்பது, பங்குச்சந்தையில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் இழுப்பது இவையெல்லாம் மோசடிகள். அங்கே பாதிக்கப்பட்டவர் போனை எடுக்கிறார், பேசுகிறார், பயப்படுகிறார் அல்லது ஆசைப்படுகிறார், கடைசியில் தன் கையாலேயே பணத்தை அனுப்புகிறார். எச்சரிக்கைப் பிரசாரத்துக்கு அங்கே வேலை உண்டு. அடையாளத் திருட்டில் பாதிக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே இல்லை. அவர் வயலில் இருக்கலாம், தறியில் இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். திருடன் போவது ஒரு கடன் நிறுவனத்திடம், சிம் கார்டு கடைக்கு, ஜிஎஸ்டி இணையதளத்துக்கு, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு. “நான்தான் இன்னார்” என்கிறான். அவர்கள் நம்புகிறார்கள். ஏமாந்தது அவர்கள். கணக்குத் தீர்க்கச் சொல்லி ஆள் வருவதோ மூன்றாவது ஒருவரின் வீட்டு வாசலுக்கு. அந்த மூன்றாவது ஆளைப் பார்த்து “நீ ஓடிபியைச் சொல்லியிருக்கக் கூடாது” என்பது என்ன நியாயம்? அவரிடம் யாரும் ஓடிபியே கேட்கவில்லை.

இனி, திருட என்ன இருக்கிறது என்ற கேள்வி. 2025 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் பழச்சாறு விற்கும் ஒருவருக்கு 7.79 கோடி ரூபாய்க்கு வருமானவரி நோட்டீஸ் வந்தது. அவர் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கோடிகளில் கணக்கு நடத்தியிருக்கிறார்கள். அதற்கு முன், 2023 ஜூனில் நொய்டா காவல்துறை பிடித்த ஒரு கும்பல் 2,660 போலி நிறுவனங்களை ஜிஎஸ்டியில் பதிந்து வைத்திருந்தது. அவர்களிடம் சிக்கிய பான் விவரப் பட்டியலில் 6.35 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு மே 16 முதல் ஜூலை 15 வரை மத்திய, மாநில வரித் துறைகள் நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியபோது, பதிவேட்டில் இருந்தும் தரையில் இல்லாத நிறுவனங்கள் 21,791 அகப்பட்டன. வரி ஏய்ப்பு என்று சந்தேகிக்கப்பட்ட தொகை 24,010 கோடி ரூபாய். நம் மாவட்டங்களிலும் கூலி வேலை செய்பவர்கள் பேருக்குக் கோடிகளில் நோட்டீஸ் வருவது செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் புதிய விஷயமில்லை.

போலி நிறுவனம் தொடங்குபவன் ஏன் ஒரு தொழிலதிபரின் பான் எண்ணைத் தேடிப் போவதில்லை? தொழிலதிபருக்கு ஆடிட்டர் இருக்கிறார். ஒரு மாதத்தில் குட்டு வெளியாகிவிடும். வருமானவரி இணையதளத்தை ஆயுளில் ஒருமுறைகூடத் திறக்காதவர், ஜிஎஸ்டி என்றால் ஓட்டல் பில்லின் அடியில் வருகிற இரண்டு வரி என்று மட்டும் அறிந்தவர், வந்த குறுஞ்செய்தியைப் படிக்கப் பேரனைத் தேடுபவர் ஆகியோரின் பெயரே அவனுக்கு வேண்டும். அந்தப் பெயரில் பழைய வழக்கு கிடையாது, பழைய கடன் கிடையாது, கேள்வி கேட்க ஆளும் கிடையாது. குடியானவரின் கணக்கில் 800 ரூபாய் இருக்கலாம். அவருடைய பெயருக்குச் சந்தையில் அதைவிடப் பெரிய மதிப்பு இருக்கிறது. திருடனுக்கு இது தெரிந்திருக்கிறது. நமக்கு அறிவுரை சொல்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இதில் நான் மறைக்க விரும்பாத ஒரு சங்கடமும் உண்டு. 2023 தொடக்கத்தில் குஜராத்தின் பாலிதானாவில் வெளிப்பட்ட விவகாரத்தில், அரசு உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏழைகளை ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய், அவர்கள் ஆதாருடன் இணைந்த கைபேசி எண்ணையே மாற்றிவிட்டார்கள். பிறகு அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு ஜிஎஸ்டி பதிவுகள் எடுக்கப்பட்டன. இங்கே அந்த ஏழைகள் தாமாகப் போனார்கள், சிலர் கைச்செலவுக்குப் பணமும் வாங்கினார்கள். “பார்த்தீர்களா, பேராசை” என்பார்கள். எந்தத் திட்டமானாலும் ஆதாரைக் கொடு, கைரேகையை வை, போட்டோவுக்கு நில் என்று பதினைந்து ஆண்டுகளாகப் பழக்கியது யார்? அரசு முகாமுக்கும் திருடனின் முகாமுக்கும் வெளித்தோற்றத்தில் என்ன வித்தியாசம் என்று அந்த மக்கள் எதை வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

கணினி வந்தபிறகு வந்த கேடு என்று இதை நினைப்பவர்கள் தமிழ்நாட்டின் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலிலும் அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும். ஆள்மாறாட்டப் பத்திரம் என்பது நம்மிடையே பழைய தொழில். வெளிநாட்டில் இருப்பவர், வயதான விதவை, வாரிசு இல்லாமல் இறந்தவர் என்று நிலத்தைப் பார்க்க ஆளில்லாத இடம் பார்த்து, வேறொரு ஆளை உட்காரவைத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு நிலம் கைமாறும். 2011இல் நில அபகரிப்புக்கென்றே காவல்துறையில் தனிப் பிரிவுகள் தொடங்க வேண்டிய அளவுக்கு அது முற்றியிருந்தது. 2022இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்துசெய்யலாம் என்று தமிழ்நாடு அரசு வழி செய்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பதிவாளர் சிவில் நீதிமன்றத்தின் வேலையைச் செய்ய முடியாது என்ற காரணம் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் நடந்தது என்ன? அரை நாளில் பதிவான பொய்யை உடைக்க அவர் சிவில் வழக்குப் போட வேண்டும். சிவில் வழக்கு எத்தனை ஆண்டு என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவர் எந்த லிங்க்கைத் தொட்டார்? யாரிடம் ஓடிபி சொன்னார்?

இந்த ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான் பத்திரத்தில் கைரேகை வைக்கும் முறை இறுகியது. அந்தக் கைரேகைக்குப் பிறகு என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சில மாநிலங்களில் பத்திரங்களை ஸ்கேன் செய்து, கைரேகையும் ஆதார் எண்ணும் பளிச்சென்று தெரிய, இணையத்தில் ஏற்றிவைத்தார்கள். 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்கும் ஒருவர், பதிவுத் துறை இணையதளத்திலிருந்து பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த ரேகைகளை ரப்பரில் அச்செடுத்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார். நோக்கம் விற்பனை இலக்கை எட்டுவது! அதோடு போயிருந்தால் தேவலை. ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறைக்கு வேண்டியவை மூன்றே: ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை. அட்டை வேண்டாம், பின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். வங்கி முகவர் கொண்டுவரும் சின்ன மெஷினில் விரலை வைத்தால் பணம் வந்துவிடும். படிக்காதவருக்கும் வங்கி என்பது இதன் பெருமை, அது பொய்யும் இல்லை. 2023இல் ஹரியாணாவிலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பத்திரங்களிலிருந்து எடுத்த ரேகையை சிலிக்கோனில் வார்த்து, அதே மெஷினில் வைத்துக் கணக்குகளை வழித்தெடுத்தார்கள். மனை வாங்கிப் பத்திரம் பதிந்ததே அந்தக் கணக்குக்காரர்கள் செய்த ‘கவனக்குறைவு’.

கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். அட்டை போனால் வேறு அட்டை தருவார்கள். கட்டை விரலை என்ன செய்வது? ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம் என்கிறார்கள். உண்மை, அந்த வசதி இருக்கிறது, ஸ்மார்ட்போனும் ஆதாரோடு இணைந்த எண்ணும் இருப்பவர்கள் உடனே செய்துகொள்வது நல்லது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை முகவரின் மெஷினில் ரேகை வைத்து வாங்கும் பாட்டி அதைப் பூட்டினால், திருடனோடு சேர்த்துத் தன்னையும் வெளியே நிறுத்திக்கொள்வாள்.

கவனம் என்று சொல்கிறவர்கள் நம்மை ஒரு நாளாவது ஆவணம் கொடுக்காமல் இருக்க விடுகிறார்களா? லாட்ஜில் அறை எடுக்க ஆதார், தவணையில் மிக்சி வாங்க ஆதார், வாடகை வீட்டுக்கு ஆதார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஆதார். ஜெராக்ஸ் கடையிலும் இ-சேவை மையத்திலும் பக்கத்து பிரவுசிங் சென்டரிலும் நம் ஆவணங்கள் கணினியின் டெஸ்க்டாப்பில் வரிசையாகக் கிடக்கின்றன. “அண்ணே, ஒரு ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ” என்று கேட்கிற ஆளிடம் “எதுக்குப்பா?” என்று கேட்டுப்பாருங்கள்; வரிசையில் பின்னால் நிற்பவரே நம்மை முறைப்பார். இந்த விஷயத்தில் அரசே தடுமாறிய ஒரு காட்சியும் நடந்தது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படலாம், உரிமம் இல்லாத ஓட்டல்களும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைக்கவே கூடாது என்று ஓர் அறிவிப்பு விட்டது. என் கணக்கில், இந்த விவகாரத்தில் அரசுத் தரப்பிலிருந்து வந்த மிக நேர்மையான வாசகம் அதுதான். இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மக்கள் வழக்கமான விவேகத்தோடு நடந்துகொண்டால் போதுமாம்.

சரி, விவேகமாகவே நடந்துகொள்கிறோம். எந்தக் காகிதத்தையும் யாரிடமும் கொடுக்கவில்லை. அப்போதும் பெரிய கிடங்குகளில் இருக்கும் நம் விவரங்களுக்கு யார் காவல்? 2018 ஜனவரியில் ‘தி ட்ரிப்யூன்’ நாளிதழின் நிருபர் 500 ரூபாய் கொடுத்து, ஆதார் எண்ணைத் தட்டினால் பெயர், முகவரி, படம் எல்லாம் காட்டும் இணைய வாசலுக்குள் பத்து நிமிடத்தில் நுழைந்தார். ஆதார் ஆணையம் செய்த முதல் காரியம், அந்த நிருபரின் பெயரையும் சேர்த்துக் காவல்துறையில் புகார் கொடுத்தது. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் ஆதார் எண்ணோடு வெளியே கிடப்பதாக ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. ரேஷன் கார்டு வைத்திருந்தது யாருடைய அசட்டை? 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் 3 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் விவரங்களைத் தன்னிடம் வைத்திருப்பதாக ஒருவன் அறிவித்தான். டெலிகிராமில் ஒரு தானியங்கி ‘சாட்பாட்’டிடம் கேட்டால் மருத்துவ அறிக்கை முதல் அடையாள அட்டை வரை எடுத்துக் கொடுத்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொன்னால், “அது வெறும் எண்தானே, அதை வைத்து என்ன செய்துவிட முடியும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மனநிலையின் உச்சத்தை 2018 ஜூலையில் பார்த்தோம். ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்து, அப்போது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவர் கைபேசி எண், முகவரி, பான் எண் எல்லாம் பொதுவெளிக்கு வந்தன. அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டும் காட்டினார்கள். இவற்றில் ஒன்றுமே தீங்கு கிடையாது என்று அவர் கடைசிவரை சொன்னார். அவர் வரையில் அது சரிதான். அவர் பெயரில் ஒரு தனிநபர் கடன் விழுந்தால் வங்கியின் தலைமை அலுவலகமே போன் செய்து மன்னிப்புக் கேட்கும். திருட்டு நடப்பதற்குத் தேவையான விவரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதிலிருந்து மீளத் தேவையான செல்வாக்கு ஆளுக்கு ஆள் வேறு. அவர் நிரூபித்தது ஆதாரின் பாதுகாப்பை அல்ல, தன் பதவியின் பாதுகாப்பை. ஆதார் ஆணையமே அடுத்த சில நாட்களில், இப்படி எண்ணைப் பொதுவில் போடாதீர்கள், சவால் விடாதீர்கள் என்று மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது.

மீள்வது என்றேன். விஷயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கித் தன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணைக் கெடுத்துவிட்டதாக வெளிப்படையாக எழுதினார். உடனே சரிசெய்தார்கள். அதே காலத்தில் அதே வகையில் தம் பெயரில் கடன் விழுந்ததாகப் பெயர் தெரியாத பலரும் எழுதினார்கள். அவர்களுக்கு என்ன வழி? கடன் தகவல் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். அவர்கள் கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்பார்கள். கடன் கொடுத்தவர்கள் “எங்கள் பதிவுப்படி சரி” என்று ஒரு வரி அனுப்பினால் முறையீடு முடிந்தது. எந்த நிறுவனம் ஆளைப் பார்க்காமல் கடன் கொடுத்ததோ, அதே நிறுவனமே நீதிபதி. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஒருவரின் பெயர் கெட்டுக் கிடக்கும் நாளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட விலை இல்லை.

சிபில் கெட்டால் என்ன, கடன் வாங்காமல் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் காலமும் போய்விட்டது. மகளின் கல்விக் கடனுக்கு அப்பாவும் கையெழுத்திட வேண்டும். அப்பாவின் சிபில் பார்ப்பார்கள். 2025இல் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனுக்கும் சிபில் என்று பேச்சு கிளம்பியபோது விவசாயிகள் கொதித்தது சும்மா இல்லை. அதே ஆண்டு, கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்துசெய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அடையாளத் திருட்டு வழக்கு இல்லை. ஆனால் அந்த அறிக்கையில் யாரோ எழுதிவைத்த பொய்க் கடன் ஒன்று இருந்தால், நாளை வேலையும் போகும் என்பது தெளிவாகிவிட்டது.

பணத்தோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2023இல் தொலைத்தொடர்புத் துறை முக ஒப்பீட்டு மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது, விஜயவாடாவில் ஒரே படத்தை வைத்து 658 சிம் கார்டுகள் வாங்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஒருவருக்கு ஒன்பதுதான் உச்சவரம்பு. அப்படி உங்கள் பெயரில் ஓடும் ஏதோ ஒரு சிம் ராஜஸ்தானில் யாரையோ ஏமாற்றினால், காவல்துறை முதலில் தட்டுவது உங்கள் கதவை. உங்கள் பெயரில் திறந்த கணக்கில் திருட்டுப் பணம் புகுந்து போனால், உங்கள் உண்மையான கணக்கும் சேர்ந்து முடங்கலாம். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தொழிலாளி, வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு, அவர்கள் மொழியில், “அது நான் இல்லை” என்று விளக்க வேண்டும். பணத்தை இழந்தவரை உலகம் பாவம் என்று பார்க்கும். பெயரை இழந்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கும்.

இன்னொன்றை நம் எச்சரிக்கைப் பிரசாரம் வாய் திறந்து சொல்வதே இல்லை. திருடன் எப்போதும் ஜார்க்கண்டில் இருந்து பேசுபவன் இல்லை. மைத்துனன், சித்தப்பா பையன், குழுத் தலைவி, ஒரு காலத்தில் தவணைக்கு டிவி வாங்கித் தந்த ஏஜென்ட் என்று ஆவணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களும் அதை எடுக்கிறார்கள். மகளிர் குழுக்களில் ஒருத்தி பெயரில் கடன், இன்னொருத்தி கையில் பணம் என்பது ஊரறிந்த சங்கதி. அங்கே புகார் கொடுப்பது என்றால் சொந்தத் தம்பி மேல் எஃப்ஐஆர். “குடும்ப மானத்தைக் கெடுக்காதே” என்று பஞ்சாயத்து பேசி, அந்தப் பெண்ணையே மாதாமாதம் கட்டவைப்பார்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவள் வரமாட்டாள். ‘பெரிய அளவில் நடப்பதில்லை’ என்று சொல்பவர்கள் அவளையும் எண்ணிவிட்டா சொல்கிறார்கள்?

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள் உண்டு. உங்கள் விவரம் ‘டார்க் வெப்’பில் இருக்கிறது என்று பதறவைத்து மாதச் சந்தா வாங்கும் செயலிகள் மிகைப்படுத்தத்தான் செய்கின்றன. கசிந்த விவரம் எல்லாம் திருட்டில் முடிவதில்லை என்பதும் சரி. மழைநீர் வடிகால் மூடி திறந்து கிடக்கும் தெருவில் எல்லோரும் விழுவதில்லை. அதற்காக விழுந்தவரைப் பார்த்துக் கண் தெரியவில்லையா என்று கேட்பது மாநகராட்சியைக் காப்பாற்றும் பேச்சு. ‘கவனம்’ என்கிற பிரசாரமும் அந்த வகைதான். ஆளைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் கடன் கொடுப்பதால் வருகிற லாபம் நிறுவனத்துக்கு. ஆளைச் சரிபார்க்காததால் வருகிற நஷ்டம் பெயருக்கு உரியவனுக்கு. இந்த ஏற்பாடு அசையாமல் நிற்க வேண்டுமென்றால், தப்பு அவனுடையது என்று அவனையே நம்பவைக்க வேண்டும்.

கைரேகை போதவில்லை என்றால் முகம், முகம் போதவில்லை என்றால் கருவிழி, தொழில்நுட்பம் சரிசெய்துவிடும் என்கிறார்கள். சோதனை இறுக இறுக, அதைத் தாண்டி நடந்த திருட்டை மறுப்பதும் கடினமாகும். முன்பு “அது என் கையெழுத்து இல்லை” என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தார்கள். “அது என் விரல் இல்லை” என்றால் சிரிப்பார்கள்.

சட்டம் யார் பக்கம் என்று பாருங்கள். 2016 ஆதார் சட்டத்தில், அந்தச் சட்டத்தின் கீழான குற்றத்துக்கு நீதிமன்றம் போகும் உரிமை ஆதார் ஆணையத்துக்கு மட்டும் இருந்தது. பறிகொடுத்தவருக்கு 2019இல் திருத்திய பிறகே கிடைத்தது. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டைவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பணம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. விவரம் பறிபோனவருக்கு ஒரு காசு கிடையாது. போதாக்குறைக்கு, நிறுவனத்தின் அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்க வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் அதே சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. பொய்யாகவோ அற்பமாகவோ புகார் கொடுக்கும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும், நம் நாட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்றது. மூன்றாம் நபர் செய்த திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டம் ஏதும் இல்லை. பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். இருக்கிற கணக்கிலிருந்து போன பணத்துக்கு இந்த நியாயம் உண்டென்றால், இல்லாத கடனுக்கு ஏன் இல்லை? கடன் கொடுத்தவன்தான் ஆளைச் சரிபார்த்ததை நிரூபிக்க வேண்டும்; நிரூபிக்கும் வரை அது சிபிலில் ஏறக் கூடாது; வசூல் ஆள் வாசலில் நிற்கக் கூடாது. அமெரிக்காவில், 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தில் களவுபோன மறுஆண்டு, 2018இல், யாரும் தன் கடன் அறிக்கையைக் கட்டணமின்றிப் பூட்டிவைக்கும் உரிமை சட்டமானது. இங்கே அப்படி ஓர் உரிமையைச் சட்டம் தரவில்லை. இவற்றைத் தரும் ஒரு பக்கச் சட்டத்திருத்தத்தை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரட்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். முன்பின் தெரியாத ஒரு கடனுக்கு வசூல் ஆள் போன் செய்தால், உங்கள் நிரபராதித்தனத்தை விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். இந்தக் கடனை வாங்கியது நான்தான் என்பதற்கு என்ன சரிபார்த்தீர்கள், பணம் எந்த வங்கியில் யார் கணக்குக்குப் போனது, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்துவிட்டு அந்தப் புகார் எண்ணையும் அவர்களுக்கே அனுப்புங்கள். சின்னத் தொகைதானே, தொலையட்டும் என்று மட்டும் கட்டிவிடாதீர்கள். ஒரு தவணை கட்டினால் அது நீங்கள் ஒப்புக்கொண்ட கடன் என்பார்கள்.